மூன்று புள்ளிகள்

தாவலின் அகலம் நூற்றிருபது பிக்சல்.
நான்தான் வைத்தேன். அழகாக இருந்தது.
மிஞ்சும் எழுத்தை மூன்று புள்ளி விழுங்கட்டும்
என்று ஒரே வரியில் எழுதிவிட்டு
லியெபாயாவின் கடற்காற்றில்
சிகரெட் பற்றவைக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து
மருத்துவமனையிலிருந்து விஸ்மா அழைத்தாள்.
திட்டவில்லை, வாசித்துக் காட்டினாள்:
"ஸ்ட்ராவுட்மா, புள்ளி புள்ளி புள்ளி.
பக்கத்திலேயே
ஸ்ட்ராவுட்மா, புள்ளி புள்ளி புள்ளி.
ஒருவர் அப்பா, ஒருத்தி மகள்.
ஒரே காரில் அடிபட்டு வந்தவர்கள்.
எந்தத் தாவலில் யாருடைய இரத்த வகை?
நீயே சொல்."

எங்கள் மொழியில்
ஆணா பெண்ணா என்பது
பெயரின் வாலில் இருக்கிறது.
நான் நறுக்கியது வாலை.

தவறான ஊசி யாருக்கும் போகவில்லை.
ஒவ்வொரு முறையும் எழுந்து போய்
மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்,
பதினோரு நாள்,
முட்டிவலியோடு.

அன்றிரவே புள்ளிகளை நடுவுக்கு நகர்த்தினேன்.
ஸ்ட்ரா…னிஸ்.
ஸ்ட்ரா…னே.
நிரலில் மாறியது ஒரே ஒரு சொல்.

சோதித்துப் பார்க்க
எப்போதும் என் பெயரைத்தான் இடுவேன்:
உகிஸ் ஓட்ஸ்.
நூற்றிருபதில் பாதிகூட நிரம்பாது.