கணக்கில் வராத ஆட்டம்

ஆகஸ்ட் கடைசி, மேற்கு கான்சஸ்.
வேலிவரை கோதுமை அறுத்த கட்டைத் தாள்கள்.
காற்று திரும்பும்போதெல்லாம்
மாட்டுப்பட்டியின் நெடி மைதானத்துக்குள் வந்து
யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொள்கிறது.
ஸ்கோர் பலகைக்கு மின்சாரம் இல்லை.
கோல்வலையில் போன வருடத்து ஓட்டை.
எனக்குக் கூலி ஒரு வான்கோழி சாண்ட்விச்.

சங்கம் அனுப்பிய கையேட்டில் பதினான்கு பக்கம்.
பயிற்சி ஆட்டத்துக்கு ஒன்றரை வரி:
"நடுவர் தம் விவேகப்படி நடந்துகொள்ளலாம்."
விவேகம் எந்தப் பாக்கெட்டில் இருக்கும் என்று
எழுதவில்லை.
மஞ்சள் அட்டை மார்பில், சிவப்பு பின்பக்கம்,
விசில் கழுத்தில்.
அவ்வளவுதான் என் சொத்து.

முதல் இருபது நிமிடம் நான் தாராளப் பிரபு.
சட்டையைப் பிடித்து இழுத்தவனிடம் "விடுப்பா" என்றேன்.
கோபத்தில் பந்தை வயலுக்கு உதைத்தவனிடம்
"போ, நீயே எடுத்துக்கொண்டு வா" என்றேன்.
என்னைக் குருடன் என்ற தடுப்பாட்டக்காரனிடம்
கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்; சிரித்துவிட்டான்.
கோடை முழுக்க ஓடாத கால்கள்,
புது பூட்ஸ் கடிக்கும் குதிகால்கள்,
இதுகளுக்கு அட்டை எதற்கு என்று நினைத்தேன்.
இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நிமிடம்.
பந்து போய்விட்டது. போய் வெகுநேரம்.
கார்சன் வோல்க், எண் ஆறு,
விழுந்து கிடந்த எமிலியானோவின் கணுக்கால்மேல் காலை வைத்தான்,
சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி
ஒரு திருகு.
குனிந்து ஒரு சொல்லும் சொன்னான்,
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும்
அவன் அப்பாவைப் பற்றி.
மிதித்ததை எல்லாரும் பார்த்தார்கள்.
சொல்லைக் கேட்டது மூன்றே பேர்,
அதில் ஒருவன் நான்.

விசிலை ஊதினேன். காற்று அதைத் தின்றது.
மறுபடி ஊதினேன்.

ஸ்டெங்கல் கோட்டைத் தாண்டி வந்தார்:
"நட்ஸன், இது கணக்கில் வராத ஆட்டம்.
பத்து நிமிஷம் உட்காரவைக்கிறேன், போதாதா?"
அது எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது மறுபக்கம்.
அடிபட்டவனின் கோச், அரிஸ்மெண்டி,
ஐஸ் பையைக் கட்டியபடியே, தலைநிமிராமல்:
"அவனை வெளியே அனுப்பாதீர்கள்.
செப்டம்பரில் எங்களுக்கு இவனோடுதான் ஆட்டம்.
என் பையன்கள் இவனைத் தாங்கப் பழகட்டும்."

தாங்கப் பழகட்டும்.
அந்த இடத்தில் எனக்குக் கால் இடறியது.
எத்தனை வருடம் பழகியிருந்தால்
ஒரு மனிதர் இதை
தண்ணீர் கேட்கிற குரலில் சொல்ல முடியும்?

கணக்கில் வராதுதான்.
கணுக்காலுக்கு அது தெரியாது.
லீக் ஆட்டத்தில் எப்படி வீங்குமோ
அப்படியே வீங்கிக்கொண்டிருந்தது.

பின்பாக்கெட்டில் கைவிட்டேன்.
சிவப்பு அட்டை வியர்வையில் ஊறி
பெட்ரோல் ரசீதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
பிரிக்க நேரமில்லை. இரண்டையும் சேர்த்தே தூக்கினேன்.
இருபத்தாறு டாலர் நாற்பது சென்ட்டுக்குக் கீழே
கார்சன் நடந்து வெளியேறினான்.
யாரும் சிரிக்கவில்லை.

"பதிலுக்கு ஓர் ஆளை இறக்குங்கள்," என்றேன் ஸ்டெங்கலிடம்,
"பதினொரு பேரும் ஆடட்டும், மற்றவர்களுக்கு இது பயிற்சிதானே.
ஆனால் இவன் இன்று திரும்ப வரமாட்டான்.
சொன்ன சொல்லை உங்கள் பள்ளிக்கு எழுதி அனுப்புவேன்."
"எந்தப் படிவத்தில்?" என்று கேட்டார்.
நியாயமான கேள்வி.

சாயங்காலம், பிக்கப்பின் முன்சீட்டில்,
ரசீது காய்ந்து மொறுமொறுத்திருந்தது.
அதன் முதுகில் எழுதத் தொடங்கினேன்:
தேதி. நிமிடம். எண் ஆறு.
அந்தச் சொல் வருமிடத்தில் பேனா நின்றது.
புள்ளி வைத்து மறைத்தால்
படிப்பவர் தமக்குத் தோதான ஒரு மெத்தென்ற சொல்லை
இட்டு நிரப்பிக்கொள்வார்.
முழுசாக எழுதினேன்.
என் கையெழுத்தில் அது
நான் சொன்னது போலவே இருந்தது.
அதற்குக் கீழேதான்
என் பெயரையும் எழுதவேண்டியிருந்தது.