வராத கட்சி

உசிலம்பட்டி முன்சீப் கோர்ட்டில்
பெயர் கூப்பிடுவது என் உத்தியோகம்.
இருபத்திரண்டு வருஷம்.
மார்பில் சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை,
கடைவாயில் பனங்கற்கண்டு.

மூன்று முறை கூப்பிட வேண்டும்.
முதல் தடவை வராண்டாவுக்கு,
இரண்டாவது வேப்பமரத்தடிக்கு,
மூன்றாவது
தேனி ரோட்டில் போகிற பஸ்ஸுக்கும் சேர்த்து.
அப்புறம் உள்ளே திரும்பி
"இல்லைங்கய்யா" என்பேன்.
பெஞ்சு கிளார்க் தங்கமாயன்
தலை நிமிராமல் எழுதுவார்:
எக்ஸ்பார்ட்டி.

லத்தீன் வார்த்தையாம்.
ஜூனியர் வக்கீல் செல்வமீனா டீக்கடையில் சொன்னது.
'ஒரு பக்கத்திலிருந்து' என்று அர்த்தம்,
அந்தப் பாஷையை வீட்டில் பேச
இப்போது ஆளே இல்லை என்றார்.
ஆளில்லாத பாஷையில்தான்
ஆளில்லை என்று எழுதிவைக்கிறோம்.

எழுமலைக்காரர் ஒருவர் கேட்டார்,
"எக்ஸ்பார்ட்டின்னா எந்தக் கட்சிங்க,
சின்னம் என்ன?"
வராண்டாவே சிரித்தது.
"வராத கட்சி பெரியவரே,
டெபாசிட் தேறாது" என்றேன் நான்.

ஐப்பசி மாசம், அடைமழை.
கடன் பத்திர வழக்கு,
அசல் நாற்பதாயிரம்.
பிரதிவாதி ஒச்சம்மாள்.
கூப்பிட்டேன், மூன்று முறையும் முழுத் தொண்டையில்.
எதிர் பெஞ்சில் ஒரு அம்மா,
விரல் நுனியெல்லாம் மல்லிகைக் காம்பின் கறை,
மடியில் மஞ்சப்பை.
நான் கூப்பிடக் கூப்பிட
அதுவும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
"யாரு பெத்த மகளோ,
இம்புட்டுக் கூப்பிட்டும் வரலையே"
என்று என்னிடமே அங்கலாய்த்தது.

மத்தியானம் கோர்ட் கலைந்தபோது
மறுபடி வந்து நின்றது.
"என் பேரை எப்பய்யா கூப்பிடுவீக?"
"ஒம் பேரு என்னம்மா?"
"பூமயிலு."
மஞ்சப்பையிலிருந்த சம்மனை வாங்கிப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
அந்தப் பெயரை மெதுவாக, முகத்துக்கு நேராகச் சொன்னேன்.
"அட, அது குலசாமிக்கு வச்ச பேருய்யா.
அந்தப் பேரைச் சொல்லி
ஒருத்தரும் என்னைச் சோறு திங்கக்கூடக் கூப்பிட்டதில்ல."

உள்ளே ஓடினேன்.
தங்கமாயன் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்,
மை காய்ந்திருந்தது.
வந்துதான் இருந்தது அந்த அம்மா,
தன் பெயருக்குப் பத்தடி தள்ளி.

எக்ஸ்பார்ட்டியை உடைக்க ஒரு மனு உண்டு.
முப்பது நாள் கெடு, ஸ்டாம்பு, அபிடவிட்.
செல்வமீனா காசு வாங்காமல் எழுதினார்.
'காரணம்' வரும் இடத்தில் பேனா நின்றது,
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு 'கடுமையான காய்ச்சல்' என்று போட்டார்.
எல்லோரும் போடுவதுதான்.
அதுதான் நிற்கும்.

மார்கழியில் கூப்பிட்டேன்.
ஒச்சம்மாள். ஒச்சம்மாள்.
இரண்டாவதுக்கே எழுந்துவிட்டது,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு,
முகத்தில் இன்னும் கொஞ்சம் சந்தேகம்.

"அன்னைக்குக் காய்ச்சலாம்மா?"
அய்யா பிரியமாகத்தான் கேட்டார்.

"எனக்கென்ன சாமி காய்ச்சல்?
விடிய ஒரு நடை பூப்பறிச்சுப் போட்டுட்டு
நேரா இங்கதான வந்தேன்.
இந்தா நிக்கிறாரே,
இவருகிட்டதான பேசிக்கிட்டிருந்தேன்."

செல்வமீனா கண்ணை மூடிக்கொண்டார்.
தங்கமாயன் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்தார்.
கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு
"டவாலி" என்றார் அய்யா.

அது நான் போட்டிருக்கிற பட்டையின் பெயர்.
போய் நின்றேன்.