ஒடெலின் பூட்ஸ்

டெட்ராய்ட். அடித்தள அறை. வெளியே பனி.
கோடிகளில் விலை போகும் இயந்திரம் எங்களிடம் இல்லை.
பிளம்பிங் கடைக் குழாய்,
அதன்மேல் ஒடெல் பிரூயிட் கையால் சுற்றிய செம்புக் கம்பி,
ஒரு ஃப்ளாஸ்க் திரவ நைட்ரஜன்.

பைருவேட்டின் கார்பன்கள் ஊமைகள்.
பத்து லட்சம் பேரில்
பாதி வடக்கு, பாதி தெற்கு,
மிஞ்சும் ஒருவர் முனகலைத்தான்
காந்தம் கேட்கிறது.
பாரா ஹைட்ரஜனைக் குமிழியாய் ஊதினால்
இரிடியத்தின் மடியில் ஒரு கணம் இரண்டும் உட்கார
ஒழுங்கு தொற்றிக்கொள்ளும்.
தொற்ற வேண்டும்.
மூன்று வாரமாய்த் தொற்றவில்லை.

பூமியின் காந்தத்தில் நூறில் ஒரு பங்கு போதும்,
மேலே ஒரு துளி கூடாது.
சாவிக்கொத்தைக் கழற்றினோம்.
நாற்காலியை வெளியேற்றினோம்.
வியாழன் மாலை ஒடெல் குனிந்து
தன் காலைப் பார்த்தார்:
கார் ஆலையில் முப்பது வருஷப் பழக்கம்,
இரும்பு மூக்கு பூட்ஸ்.

காலுறையோடு, சில்லிட்ட சிமெண்டில்,
சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.
கோடு எழுந்து
திரையின் விளிம்பை முட்டியது.
அறுபது நொடி. தேய்ந்தது.

எலி இல்லை, நோயாளி இல்லை இன்னும்.
புற்று எங்கே லாக்டேட்டாய்ப் புளிக்கிறதென்று
கேட்க நெடுநாள் ஆகும்.

"இன்னொரு தடவை" என்றார் ஒடெல்,
கிழிந்த காலுறைக்குள்ளிருந்து
கட்டைவிரல் எட்டிப் பார்க்க.