படப்பிடிப்புக்குக் கொடுத்த வீடு

செந்தூல் பிளாட், பதினோராவது மாடி.
"இப்படியே இருக்கட்டும்க்கா,
ஒண்ணையும் துடைச்சிடாதீங்க" என்றான் கெல்வின்.
பாஸ்டர் மகன். கையில் இரவல் கேமரா.
கிறிஸ்துமஸ் படம், நாற்பது நிமிடம்:
வேலை போன அப்பா, வாடகை பாக்கி,
ஜெபிக்கிற அம்மா,
கடைசியில் கதவடியில் ஓர் உறை.
வீட்டுக்கு நூற்றைம்பது வெள்ளி,
எங்கள் நாலு பேருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம்.

லைட்டைப் போடுங்க என்றான்.
நான் ஸ்தனிஸைப் பார்த்தேன்.
ஸ்தனிஸ் காற்றாடியைப் பார்த்தார்.
கரண்ட் வெட்டி எட்டு நாள்.
நின்ற இடத்திலேயே போனைத் தட்டி
மூன்று மாதப் பாக்கியைக் கட்டினான்,
செலவுக் கணக்கில் 'ஒளியமைப்பு' என்று
எழுதிக்கொண்டான்.

அம்மாவாக நடிக்க வந்தது ஹேசல்,
பல் டாக்டர், பங்சாரில் வீடு.
என் கைலியைக் கட்டிக்கொண்டு
அரிசி டின்னைத் திறந்து கேட்டாள்:
"இதைப் பார்த்ததும் எப்படி அழுவீங்க?"

அழுவதில்லை என்றேன்.
டின்னைச் சாய்த்துத் தட்டினால்
மூலையில் அரைக் குவளை சேரும்.
கஞ்சிக்குப் போதும்,
தண்ணீரைத்தான் அளவு பார்த்து ஊற்றணும்.

தலையாட்டினாள். கேமரா ஓடியது.
அழுதாள்.
நன்றாகத்தான் அழுதாள்.

பனி கொட்டினால் நல்லாயிருக்கும் என்றார் ஒரு மூப்பர்.
வெளியே மழை, ஐந்தடியில் துணிக்கொடி,
கொடியில் ஸ்தனிஸின் செக்யூரிட்டி சட்டை,
இன்னும் திருப்பிக் கொடுக்காதது.

கடைசிக் காட்சிக்கு மேசையில் கேக்.
யாரும் பார்க்காத நேரத்தில்
என் சின்னவன் விரலை விட்டான்.
மேலே கிரீம், உள்ளே தெர்மகோல்.
விரலைச் சூப்பிக்கொண்டே வந்து
"மேல மட்டும்தாம்மா நெசம்" என்றான்.

உறை கொண்டுவர வேண்டியவர்
கெப்போங் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்.
கைதானே தெரியப்போகிறது என்று
ஸ்தனிஸை வாசலுக்கு அனுப்பினார்கள்.
தன் வீட்டுக் கதவுக்கு வெளியே
செருப்புகளுக்கு நடுவில் மண்டியிட்டு
ஐந்து முறை தள்ளினார்.
ஆறாவதுதான் சரியாக வந்தது.
உறைக்குள் காகிதம், நான் வெட்டிக் கொடுத்தது:
தெனாகாவின் சிவப்பு நோட்டீஸ்,
நூறு வெள்ளி நோட்டு அளவுக்கு.

இருபத்துமூன்றாம் தேதி சபை மண்டபத்தில்
வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள்.
என் திரைச்சீலை, என் சட்டி,
பிடி உடைந்த என் கப்.
ஒரு காட்சியில் எங்கள் பல்லிகூட வந்தது.
பக்கத்து நாற்காலி அம்மாள் மூக்கை உறிஞ்சி,
"இப்படியும் குடும்பங்க இருக்கு, பாருங்க" என்றாள்.
ஆமாங்க என்று
டிஷ்யூவை நீட்டினேன்.

அப்புறம் அந்தக் கை.
சுவர் முழுக்க ஸ்தனிஸின் கை,
நகக்கண்ணில் அழுக்கு, மோதிரம்,
மோதிரத்தைச் சுற்றி
விரலில் பச்சை.

தங்கம் பச்சை விடாது.

என் அப்பா போட்ட முக்கால் பவுன்
எந்த அடகுக் கடையில், எந்த மாதத்தில்,
எத்தனை முறை கஞ்சிக்குப் பதில் சோறாக
எங்கள் தட்டில் விழுந்தது என்று
எனக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே
மண்டபம் கைதட்டியது.
அவர் தட்டவில்லை.
அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தார்.

லிப்ட் வேலை செய்யவில்லை.
பதினோரு மாடியும் ஏறி
பிள்ளைகளைப் படுக்கப் போட்டு
சமையலறை லைட்டைப் போட்டேன்.
புளியைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு
கையைக் கொடுங்க என்றேன்.
கொடுத்தார்.
ரொம்ப நேரம் தேய்த்தேன்.

"போகுதா?" என்றார்.
"கொஞ்சம்."