வீட்டுக்கு ஐந்து நிமிடம்

நேரத்தை விசிலால் அளக்கிறான் ஓர்வார்.
நீளமாய் ஒன்று ஊதினால், உள்ளே போ.
குட்டையாய் மூன்று ஊதினால்
கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வா.

தெருவின் நடுவே பிளவு.
அடியில் யாரோ உலை ஏற்றியதுபோல்
அதிலிருந்து ஆவி.

மற்ற நாட்களில் ஓர்வார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
நான் மீன் ஆலையில் எடை போடுகிறவள்.
ஹெர்தீஸ் பல் மருத்துவர்,
இன்று அவள் கையில் கடப்பாரை.
ஐஸ்லாந்தில் பட்டாளம் கிடையாது.
நாங்கள்தான்.

பதினோரு வருடமாய் வியாழன்தோறும்
கொட்டகையில் கூடி முடிச்சுப் போடப் பழகுகிறோம்.
வைக்கோல் பொம்மையைத் தூக்குப்படுக்கையில் கட்டி
பனிச்சரிவில் இறக்கி
பிழைத்தாயா என்று அதையே கேட்டுச் சிரிப்போம்.
கயிறு வாங்க, வண்டிக்கு டயர் வாங்க
வருடக் கடைசியில் வாணவெடி விற்போம்.
ஊரே எங்களிடம்தான் வாங்கும்.
நெருப்பு விற்ற காசில் வாங்கிய தலைக்கவசம்.
இன்று நெருப்பின் கூரைமேல் நடக்கிறது.

சட்டைப்பையில் சீட்டுகள்.
தடுப்புக்கு அப்பால் கார்களில் காத்திருப்பவர்கள்
முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தவை.

எட்டாம் எண்:
இன்சுலின், குளிர்பெட்டிக் கதவில்.
கடவுச்சீட்டு.
பூனை. கடிக்கும்.

கடித்தது.

பன்னிரண்டு:
கணினி. நாயின் மாத்திரை.
மருமகனின் கிதார், முடிந்தால்.
முடியாவிட்டால் இன்னும் நல்லது.

பதினேழு.
ஸ்டெய்ன்வோர் வீடு.
ஆலையில் அவள் என் எதிர் மேசை,
தெருவில் அடுத்த வீடு.
ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
வேலித் தகராறு, ஒரு முழ நிலம்.
நேற்றிரவு பூமி அந்த வேலியைப் பிடுங்கி
மூன்று முழம் தள்ளி நட்டிருக்கிறது.
யார் பக்கம் என்று பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.
பார்த்தேன்.
என் பக்கம்.

அவள் சீட்டில் ஒரே வரி:
ஒன்றும் வேண்டாம், அடுப்பை அணைத்தேனா பார்.

நீளமாய் ஒரு விசில்.
கதவு நிலையோடு கோணியிருந்தது,
ஹெர்தீஸ் நெம்பினாள்.
அடுப்பு அணைந்திருந்தது.
திருகுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்,
பிறகு இன்னொரு முறை.
மேசையில் பாதி குடித்த காபி,
காபியின் மேல் நடுக்கம்,
வளையம் வளையமாய்.

இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.
ஒன்றும் வேண்டாம் என்றவளுக்கு
என்னத்தை எடுப்பது?
சுவரில் திருமணப் படம், அவர் இப்போது வேறு ஊரில்.
வாசலில் கம்பளி பூட்ஸ்,
நேற்று அவள் செருப்போடு ஓடியிருக்கிறாள்.
பூட்ஸை எடுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது
அவள் சமையலறை ஜன்னலில் என் வீடு.
இந்தப் பக்கமிருந்து நான் பார்த்ததே இல்லை.
இத்தனை அருகில் இருக்கிறது.
எங்கள் விதிப்படி
தன் வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது.
போனவர்கள் விசிலைக் கேட்பதில்லை.

குட்டையாய் மூன்று.

தடுப்பில் கார்க் கண்ணாடி இறங்கியது.
"அணைந்திருந்ததா?"
"அணைந்திருந்தது."
பூட்ஸை நீட்டினேன்.
வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்,
போட்டுக்கொள்ளவில்லை.
பனி விழுந்துகொண்டிருந்தது,
சாம்பலாகவும் இருக்கலாம்.

திரும்பி நாலடி வைத்திருப்பேன்.
"உன் வீட்டில் மாடிப்படி விளக்கு எரிகிறது,"
என்றாள் என் முதுகிடம்.
"நேற்றே கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை."

பையில் இன்னும் ஆறு சீட்டு.
ஓர்வார் விசிலைத் துடைத்து
வாயில் வைத்துக்கொண்டான்.