ஏழாவது ரீல்

வாண்ட்ஸ்பெக் ஸ்டூடியோவின் பின்கட்டில்
ஜன்னலில்லாத அறை. ஐம்பத்து நான்காம் வருடத்து ஜூலை.
அசிட்டோன் நெடி.
வெள்ளைப் பருத்திக் கையுறைகளோடு இர்ம்ட்ராவுட்
ஒரு மனிதன் நடுங்குவதை
முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

கதை சாதாரணம்தான்.
போரிலிருந்து திரும்பிய டாக்டர், மார்ஃபின்,
ஆறாவது ரீலில் மனைவி போய்விடுகிறாள்,
ஏழாவதில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான்.
"இன்னும் நீட்டு" என்கிறார் இயக்குநர் லூடெக்கே,
"பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும்."

தலையாட்டுகிறாள்.
அவர் காபிக்குப் போனதும் பதினோரு அடி வெட்டுகிறாள்.

அலறலை அவள் வீட்டில் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம்
ஜூலையிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போடும் சத்தம்.
சொல்லாமலே காய்ச்சி வைத்த உருளைக்கிழங்கு சூப்,
அவளுக்குப் பிடித்த அளவு மிளகோடு.
மோதிரம் எங்கே என்றதற்கு
"ஆல்ஸ்டர் ஏரியில், படகிலிருந்து கை அலம்பும்போது" என்றான் ஹாரோ,
அவ்வளவு வருத்தமாக,
அவள்தான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.
அடகுச் சீட்டைக் கோட்டின் உள்துணியில்
முந்தின நாளே பார்த்திருந்தாள்.
கிழிசலைத் தைத்தும் கொடுத்தாள்.
ஒட்டுப்போடுவது பிழைப்பு.

நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம்.
அவள் கேள்விக்கும் அவன் பதிலுக்கும் நடுவே
முன்பெல்லாம் ஆறு.
இப்போது முப்பது, முப்பத்திரண்டு.
எண்ணாமலிருக்க அவளுக்கு வரவில்லை.

மனைவி வெளியேறும் காட்சிக்கு நான்கு டேக்.
மூன்றில் கதவு அழகாக அறைகிறது.
நான்காவதில் நடிகையின் சாவி
கைப்பையில் எங்கோ சிக்கிவிட்டது;
வாசலில் நின்று துழாவுகிறாள்,
மறந்தது வசனமா வீடா என்று தெரியாத முகம்.
லூடெக்கே சிவப்புப் பென்சிலால் அடித்துப்போட்டது.
அதைத்தான் சேர்த்தாள்.

அக்டோபரில் முதல் காட்சி.
பக்கத்தில் ஹாரோ, இஸ்திரி போட்ட சட்டை, டை,
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.
சாவி துழாவும்போது
முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
லூடெக்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
பிறகு கட்டில், கம்பி, அலறல்.
ஹாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு
அவள் காதோரம் குனிந்தான்:
"யாராவது இப்படியா நடுங்குவார்கள்?"

சொன்னவன்
அப்படியே நின்றுபோனான்.

இருட்டில் அவள் எண்ணத் தொடங்கினாள்.
நூறு தாண்டியும்
அவன் கை அவள் கைமேலேயே இருந்தது,
உலர்ந்து, அசையாமல்.
மடியில் கைப்பை.
சாவி எந்த மூலையில் கிடக்கிறதென்று
துழாவாமலே அவளுக்குத் தெரியும்.