கூலி நிரல்

ஆமர் வீதிக்குப் பின்னால்
இம்தாத் நானாவின் கராஜில்
பில் எழுதுகிறவள் நான்.
கார்பன் தாள் வைத்த புத்தகம், இரண்டு நிரல்:
இடப்பக்கம் சாமான்,
வலப்பக்கம் கூலி.

சாமானுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.
பெட்டி இருக்கிறது, பெட்டியில் ஜப்பான் எழுத்து இருக்கிறது.
கழற்றிய பழசைக் கையில் கொடுத்தால்
பிடுங்கிய பல்லைப் போலத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

வழக்கெல்லாம் கூலிக்குத்தான்.
“அரை மணித்தியாலம்கூட ஆகல்லையே தங்கச்சி,
நான் பாத்துக்கொண்டுதானே நிண்டேன்?”
நின்றார்தான்.
சுனிமல் பாஸ் ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக்
கண்ணை மூடியிருந்த நேரத்தை
அவர் வேலையில் சேர்க்கவில்லை.

அதனால் காசை நாங்கள் இடம் மாற்றுகிறோம்.
பஞ்சிகாவத்தையில் ஆறாயிரத்து இருநூறுக்கு வாங்கிய வோட்டர் பம்ப்
என் பேனைக்குக் கீழே ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
இடையில் இருக்கிற மூவாயிரத்து முந்நூறுக்குள்
அந்தக் கண்மூடல் இருக்கிறது,
கரண்ட் பில் இருக்கிறது,
நாளைக்குத் தாறேன் என்று போன பஜிரோ ஒன்று இருக்கிறது,
அளவு பிழைத்து, கடைக்காரன் திருப்பி எடுக்காத
இரண்டு கேஸ்கட் இருக்கிறது.
என் சம்பளமும் அதற்குள்தான்.
வேறெந்த நிரலிலும் நான் இல்லை.

களவு என்றுதான்
முதல் மாதம் முழுக்க பஸ்ஸில் போகும்போது நினைத்தேன்.
சம்பளம் வாங்கிய அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக நினைத்தேன்.

நானா ஆளைப் பார்ப்பதில்லை. டயரைப் பார்ப்பார்.
நாலும் மொட்டையென்றால்
என் பக்கம் திரும்பி இருமுவார்.
ஓர் இருமலுக்கு ஐந்நூறு கழிவு.
டொலர் ஏறிய வருடத்தில்
பாவம், நெஞ்சுச் சளிக்காரர் மாதிரி இருமினார்.
விலையைப் பென்சிலால் எழுதினோம் அப்போது.
காலையில் நாங்கள் சொன்ன விலைக்கு
மத்தியானம் பஞ்சிகாவத்தையில் சிரித்தார்கள்.

போன செவ்வாய்
கொச்சிக்கடை கபிரியேல் ஸ்கூல் வானோடு வந்தார்,
மடியில் கடதாசி சுற்றிய வீல் பேரிங்.
“சாமான் என்ட. விலையும் எனக்குத் தெரியும்.
பூட்டித் தந்தாப் போதும்.”

பழசு துருவில் ஒட்டிப்போயிருந்தது.
ஒன்பதரைக்குத் தொடங்கினார் சுனிமல் பாஸ்.
சூடு காட்டி, அடித்து,
சிங்களத்தில் அதன் தாயை விசாரித்து,
அது கழன்றபோது பன்னிரண்டே கால்.
கை விரலில் தோல் இல்லை.

இடப்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
ஒளிக்க ஒரு வோட்டர் பம்ப்கூட இல்லை.
நானா வேறெங்கோ பார்த்துக்கொண்டு
“நீயே போடு” என்றார்.
வலப்பக்கத்தில் ஏழாயிரம் என்று எழுதினேன்,
உடுப்பில்லாமல் ரோட்டில் நின்றது அந்த இலக்கம்.

“கூலி மட்டும் ஏழா?”

பதில் சொல்லத் தெரியவில்லை.
அவர் காசுப் பையைத் திறந்தார்.
உள்ளே சின்னச் சின்னக் கடித உறைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர், ஒரு மாதம்.
எண்ணிக்கொண்டே தனக்குள் சிரித்தார்.
“தாய்மாரும் கேக்கிறாங்க,
ரெண்டு கிலோமீற்றருக்கு இவ்வளவா எண்டு.
ட்ரெஃபிக்கில நிக்கிற நேரத்த எங்க எழுதுறது?”

அதற்காக ஏழு தரவில்லை.
ஆறு தந்தார்.
நானா பிந்தி இருமினார்,
உண்மையான இருமலோ என்னவோ.
ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும் என்று
கபிரியேல் ஹோர்ன் அடித்துக்கொண்டே பின்னுக்கு எடுத்தார்.

அசல் அவரிடம் போயிற்று.
அதில் ஏழை வெட்டி ஆறு என்று திருத்தியிருக்கிறேன்.
புத்தகத்தில் மிஞ்சிய நீலப் பிரதியில்
வெட்டு சரியாக விழவில்லை.
ஏழும் தெரிகிறது.